சாலை இல்லாத மலைநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு ஜீப் வாங்கித் தரலாமா?

நீங்கள் கேட்டது இது: செவிலியரான உங்கள் தங்கையும் அவர் கணவரும் பாப்புவா நியூ கினியின் மலைநாட்டில் ஒரு மிஷன் சுகாதார நிலையத்துக்கு இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறார்கள். அங்கே போக்குவரத்து பெரும்பாடு என்று கேள்விப்பட்டு, சபையில் பணம் திரட்டி ஜீப் வாங்கித் தரலாமா, இல்லை ஒரு மோட்டார் சைக்கிள் போதுமா என்று யோசிக்கிறீர்கள். எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களை வாட்டுவது வண்டி அல்ல. உடம்புக்கு ஒன்று என்றால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள், அரிசியும் மருந்தும் எப்படி உள்ளே போகும் என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன். வெளிநாட்டு மிஷன் நிலையங்களுக்குச் சரக்கும் எரிபொருளும் வண்டிகளும் அனுப்பி வைப்பது என் தொழில். விமானம் ஓட்டுவதும் வைத்தியமும் என் தொழில் அல்ல. அந்த இரண்டிலும் அங்குள்ள விமானியும் மருத்துவரும் சொல்வதே முடிவு.

முதலில் நிலையம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அது தெரியாமல் வண்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்கோ, இரண்டாவது பெரிய நகரமான லே துறைமுகத்துக்கோ சாலை கிடையாது. நடுவில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் நிற்கிறது. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அந்நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள வானிமோவுக்குப் போனபோது, தலைநகரிலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையின் சரக்கு விமானத்தில்தான் போக வேண்டியிருந்தது. மலைநாட்டுக்கு உள்ள ஒரே முதுகெலும்பு, லேயில் தொடங்கும் ஹைலேண்ட்ஸ் நெடுஞ்சாலை. மார்க்கம் பள்ளத்தாக்கு, கசாம் கணவாய், கோரோகா, கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரமுள்ள டௌலோ கணவாய், குண்டியாவா என்று ஏறி இறங்கி மவுண்ட் ஹேகனுக்குப் போய் அதற்கு மேலும் நீள்கிறது. ஜிவாகா மாகாணத்திலுள்ள குட்ஜிப் நசரேன் மருத்துவமனை போன்ற இடம் என்றால் இந்தச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வண்டிக்கு வேலை உண்டு. டெலிஃபோமின் போன்ற இடம் என்றால் வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பே இல்லை. அங்கே ஜீப் வாங்கிக் கொடுத்தால், ஓடுபாதைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே சில கிலோமீட்டர் ஓடுவதற்காக அதைப் பிரித்து விமானத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதில் 'வாரம் ஒரு விமானம் வரும் என்று சொன்னார்கள்' என்ற வரி இருக்கிறது. ஆகவே உங்கள் தங்கையின் இடம் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஜீப் வேண்டாம். மோட்டார் சைக்கிளும் வேண்டாம். ஈரக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். கிராமங்களுக்குப் போகும் பாதைகள் பெரும்பாலும் மரத்தண்டுப் பாலங்களும் செங்குத்துச் சரிவுகளும் கொண்ட நடைபாதைகள். அங்கே பயணம் என்பது நடை. ஓடுபாதையிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் நடை என்பதெல்லாம் சாதாரணம். நல்ல பிடிப்புள்ள ரப்பர் காலணியும், தோளில் 10 கிலோவுக்கு மேல் சுமக்காத ஒழுக்கமும் போதும். மீதியை உள்ளூர்ச் சுமைக்காரர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து அனுப்பலாம். கூலியை ஊர்ப் பெரியவர்களிடம் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

இனி விமானம். மிஷன் நிலையங்களுக்குச் சிறு விமானங்கள் ஓட்டும் மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் எனப்படும் எம்.ஏ.எஃப் 1951 முதல் அந்நாட்டில் பறக்கிறது. அதன் தளம் மவுண்ட் ஹேகனில். ஐயுராவில் எஸ்.ஐ.எல் ஏவியேஷனும், கோரோகாவில் எத்னோஸ்360 ஏவியேஷனும் இருக்கின்றன. பறப்பவை பெரும்பாலும் செஸ்னா கேரவன், கோடியாக் என்ற ஒற்றை எஞ்சின் டர்பைன் விமானங்கள். பழைய பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டிய ஆவ்காஸ் பெட்ரோல் தொலைதூர இடங்களில் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியதால் மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருளுக்கு மாறினார்கள். இந்த விமானங்கள் உறுதியானவை. ஆனால் எடையில் அவற்றிடம் சலுகை கேட்க முடியாது.

கணக்கு இப்படிப் போகும். 5,000 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதையில், விமானிகள் அளவுகோலாக வைக்கும் தரப்படுத்திய கணக்குப்படி வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நண்பகலில் 25 டிகிரி இருந்தால் 20 டிகிரி கூடுதல். கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் இடம் சுமார் 120 அடி உயர்ந்ததுபோல் என்று கூட்டினால் 2,400 அடி. அதாவது விமானத்தின் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 7,400 அடி உயரமுள்ள இடம். காற்று மெலிந்திருப்பதால் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுபாதையோ 500 மீட்டர்தான். விமானியால் குறைக்க முடிந்தது சுமையை மட்டுமே. காலை ஏழு மணிக்கு ஏற்ற முடிந்த மூட்டையைப் பதினோரு மணிக்கு இறக்கி வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். எரிபொருளும் சுமைதான். கேரவன் மணிக்குச் சுமார் 190 லிட்டர் குடிக்கும்; எடையில் அது கிட்டத்தட்ட 150 கிலோ. வானிலை சந்தேகமாக இருந்து, திரும்பிப் போக ஒரு மணி நேர எரிபொருள் கூடுதலாக வைத்துக்கொண்டால் அன்று மூன்று அரிசி மூட்டை வராது. இதைப் புரிந்துகொண்டவர்கள் விமானியோடு வாதாட மாட்டார்கள்.

ஆகவே போர்ட் மோர்ஸ்பி வரை பெரிய விமானத்தில் 46 கிலோ கொண்டுபோனாலும், கடைசிக் கட்டத்தில் ஆளோடு கூட வரும் என்று 10, 15 கிலோவை மட்டுமே நம்புங்கள். மீதி, இடம் கிடைக்கும்போது வாரங்கள் கழித்து வரும். சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். ஒவ்வொன்றும் 15 கிலோவுக்குள் அடங்கும் மென்மையான பைகளாகக் கட்டச் சொல்லுங்கள். அவை இருக்கைக்குப் பின்னால் எந்த இடுக்கிலும் போகும். அன்றாட மருந்து, ஆவணங்கள், கண்ணாடி, ஒரு வாரத் துணி ஆகியவை முதல் பையில் இருக்கட்டும். சமையல் எரிவாயு உருளை, தீப்பெட்டி, பெட்ரோல், ப்ளீச்சிங் பவுடர், அமிலம் ஊற்றிய பேட்டரி எல்லாம் ஆபத்தான சரக்கு; சாமானுக்குள் மறைத்து அனுப்பவே கூடாது. தனியாக அறிவித்தால் சிலவற்றை உரிய முறையில் கட்டிக் கொண்டுபோவார்கள். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள், அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச்-க்குள் இருந்தால் கைப்பையில் வைக்கலாம். ஆளையும் தராசில் நிற்க வைப்பார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்வது யாருக்கும் நல்லதல்ல.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது அடுத்த விஷயம். அங்குள்ள பல ஓடுபாதைகள் ஒரு வழிப் பாதைகள்: மலைச்சரிவை நோக்கி மேலேறி இறங்க வேண்டும், கீழ்நோக்கி ஓடி எழும்ப வேண்டும். சரிவு பத்து சதவிகிதத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. எதிரே மலை இருப்பதால், இறங்கும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் விமானியால் மறுபடி எழும்பிச் சுற்றி வர முடியாது. அந்த நேரத்தில் ஒரு பன்றியோ குழந்தையோ குறுக்கே வந்தால் தப்பிக்க வழியில்லை. ஆகவே விமானச் சத்தம் கேட்டதும் ஓடுபாதையின் இரு பக்கமும் ஆள் நிறுத்தி ஊராரை விலக்குவது தரையில் இருப்பவர்களின் முதல் கடமை. உங்கள் மாப்பிள்ளை போன அன்றே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலை அறிக்கை. விமானம் கிளம்பும் முன் ரேடியோவிலோ போனிலோ நிலையத்தை அழைத்து வானிலை கேட்பார்கள். 'நன்றாக இருக்கிறது' என்பது பதில் அல்ல. மேகத்தின் அடிப்பகுதி எந்த மலைமுகட்டுக்கு மேலே அல்லது கீழே இருக்கிறது, எந்தக் கணவாய் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, அடுப்புப் புகை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது, நேற்றிலிருந்து எவ்வளவு மழை, ஓடுபாதையின் எந்தப் பகுதி மெதுமெதுவென்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மண்ணின் இறுக்கத்தை அறிய முழு நீளமும் நடந்து, சந்தேகமான இடங்களில் குதிகாலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குதிகால் ஆழமாகப் பதிந்தால் அந்த இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மலைநாட்டில் காலையில் பள்ளத்தாக்கு மூடுபனி விலகியதும் வானம் திறக்கும். நண்பகலுக்குள் மேகம் திரண்டு கணவாய்கள் மூடத் தொடங்கும். இதில் நாளுக்கு நாள் வேறுபாடு உண்டு. ஆனாலும் பிற்பகல் விமானத்தை நம்பி எதையும் திட்டமிடக்கூடாது என்பது உறுதி. சர்க்கரை தீர்ந்துவிட்டது, விருந்தாளி காத்திருக்கிறார் என்பதற்காக மேகத்தைக் குறைத்துச் சொல்லும் ஆசை எல்லா நிலையங்களிலும் வரும். எம்.ஏ.எஃப் அங்கே பறக்கத் தொடங்கிய அதே 1951இல், அதன் ஆஸ்டர் விமானம் விழுந்து விமானி ஹாரி ஹார்ட்விக் உயிரிழந்தார். அந்த மலைகள் மாறவில்லை. தரையிலிருந்து ஒரு மிஷனரி விமானத்தின் பாதுகாப்புக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, தனக்கு நஷ்டமானாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான்.

ஓடுபாதையைப் பராமரிப்பதும் ஊரார் கையில்தான் இருக்கிறது. புல் உயர்ந்தால் சக்கரத்தைப் பிடிக்கும், பள்ளங்களையும் மறைக்கும். பக்க வடிகால் அடைத்தால் ஒரே பருவத்தில் நடுப்பகுதி ஊறிவிடும். ஓர எல்லைக் குறியீடுகள் வெள்ளையாகத் தெரிய வேண்டும். கவனிக்காத ஓடுபாதையை விமான நிறுவனம் மூடிவிடும். மூடினால் ஊருக்கு ஆம்புலன்ஸும் சந்தையும் தபாலும் ஒன்றாகப் போய்விடும். ஜீப்புக்குப் பதிலாக நல்ல பெட்ரோல் புல்வெட்டி இரண்டு, அதில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் கயிறு உதிரியாக, ஸ்பார்க் பிளக், மண்வெட்டிகள், ஒரு கைவண்டி வாங்கிக் கொடுத்தீர்களானால் அந்தப் பள்ளத்தாக்கே பயன்பெறும்.

அவசர நோயாளியை அனுப்புவது பற்றி: விமானத்தை அழைக்கும் முடிவைக் காலையிலேயே எடுக்க வேண்டும். 'மாலைவரை பார்ப்போம்' என்றால் மறுநாள் காலைவரை என்று அர்த்தம். அழைக்கும்போது நோயாளியின் எடை, உட்கார முடியுமா, ஸ்ட்ரெச்சரா, டிரிப் ஓடுகிறதா, ஆக்சிஜன் வேண்டுமா, தொற்றுநோயா, கூட வருபவர் யார் என்று எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருக்கும்; சொல்லாமல் விட்டால் அதற்கே அரை மணி போகும். இந்த விமானங்களில் உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது. மலையைக் கடக்க 10,000 அடி ஏறினால் நோயாளியும் அந்த உயரத்துக் காற்றைத்தான் சுவாசிப்பார். கடல்மட்டத்தில் ஒரு பங்காக இருந்த வாயு அங்கே ஏறக்குறைய 1.5 பங்காக விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்தவர், குடல் அடைப்பு உள்ளவர், மூச்சுத் திணறுபவர் ஆகியோரைப் பற்றி விமானியிடம் முன்பே சொன்னால், முடிந்தவரை தாழ்வான வழியில் போகப் பார்ப்பார். ஏற்றுவதா கூடாதா என்பதை மருத்துவமனை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிரசவத்தில் சிக்கல் வரலாம் என்று தெரிந்த தாய்மார்களை வலி வரும்வரை வைத்திருக்காமல், முன்கூட்டியே பெரிய மருத்துவமனைக்கு அருகே தங்க அனுப்பிவிடுவது எந்த அவசர விமானத்தையும்விடப் பாதுகாப்பானது.

குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துகள் பற்றித் தங்கைக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் பயணத்தில் கெடும் விதம் வேறு. பிரசவத்தில் பயன்படும் ஆக்சிடோசினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் பறக்கும்போது அல்ல. விமானம் ரத்தாகி, பெட்டி தரையில் வெயிலில் கிடக்கும்போதுதான். இன்னொரு பக்கம், உறைந்த ஐஸ் பையை நேராக ஒட்டி வைத்து ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகளை உறைய வைத்துவிடுகிறார்கள்; உறைந்த ஊசி வீணான ஊசி. ஐஸ் பையைக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் அளவுக்குக் கரைந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். பயணம் இரண்டு மணி நேரம் என்றாலும் இரண்டு நாளைக்குத் தாங்கும்படி கட்ட வேண்டும்.

ஒருவேளை நிலையம் நெடுஞ்சாலைப் பக்கம் என்று தெரிய வந்தால் என் பதில் மாறும். அப்போதும் முதல் ஆறு மாதம் வாங்காமல், மிஷனின் வண்டியிலும் பி.எம்.வி என்ற பொது வண்டிகளிலும் உள்ளூர்ச் சகோதரர்களோடு போய்ப் பழகட்டும். பிறகு வாங்கினால், அங்கே எல்லா மெக்கானிக்கும் அறிந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 வரிசை. முடிந்தால் டர்போ இல்லாத 4.2 லிட்டர் 1எச்.இசட் டீசல் எஞ்சின். டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் புதிய காமன் ரெயில் எஞ்சின்கள் குறைவாகக் குடிக்கும், ஆனால் டீசலில் கலந்த சிறிது தண்ணீரே அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பாழாக்கிவிடும். டீசல் பீப்பாயை நிமிர்த்தி வெளியே வைத்தால் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். இரவில் பீப்பாய் குளிர்ந்து சுருங்கும்போது அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு நாள் அசையாமல் நிறுத்தி, குழாயின் முனை அடியைத் தொடாமல் சில அங்குலம் மேலே இருக்க உறிஞ்ச வேண்டும். ஆற்றைக் கடக்கும் முன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீர் என்றால் காத்திருங்கள். கடந்து வந்த பிறகு, அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் எண்ணெயைப் பாருங்கள்; பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

அந்தச் சாலையின் பெரிய ஆபத்து குழி அல்ல, மனிதர்களும் இருட்டும். வழிப்பறி, குலச்சண்டை, தேர்தல் காலக் கொந்தளிப்பு ஆகியவற்றால் திடீரென்று சாலை மூடும். நிலைமை வாரத்துக்கு வாரம் மாறுவதால், கிளம்பும் காலையில் வழியிலுள்ள சபைகளுக்குப் போன் செய்து கேட்பதுதான் நம்பத்தக்க தகவல். இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே கூடாது. விபத்தில் யாரேனும் அடிபட்டால் இடத்திலேயே கூட்டம் திரண்டு பழிவாங்கவோ இழப்பீடு கேட்கவோ தொடங்கலாம். ஆகவே நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்விடச் சொல்லித்தான் வெளிநாட்டவருக்கு அறிவுரை தருகிறார்கள். இது கிறிஸ்தவ மனசாட்சியை உறுத்தும் விஷயம். தங்கையும் மாப்பிள்ளையும் இதை உள்ளூர் ஆயரோடு முன்கூட்டியே பேசி, சமரசம் பேச யாரை அழைப்பது என்று தீர்மானித்து வைக்க வேண்டும். போர்ட் மோர்ஸ்பியில் தங்கும் நாட்களில் தங்கை தனியாகச் சாதாரணப் பேருந்தில் போக வேண்டாம். பெண்களுக்கென்று தொடங்கிய மேரி சேஃப் பேருந்துகள் அப்போது ஓடினால் அவற்றில் போகலாம், இல்லையென்றால் மிஷன் விடுதியின் வண்டி.

பணி மாறிக் கடற்கரைக்குப் போனால் 23 அடி ஃபைபர் படகும் 40 குதிரைசக்தி எஞ்சினும்தான் பேருந்து. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. ஆளுக்கொரு மிதவைச் சட்டை, துடுப்பு, தண்ணீர், உதிரி ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஏறக்கூடாது.

திரட்டும் பணத்தை நான் செலவிடும் வரிசை இது. முதலில் அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான காப்பீடு. 'சிறு விமானம்', 'தொலைதூர ஓடுபாதையிலிருந்து' என்ற இரண்டும் விலக்குப் பட்டியலில் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ், பிரிஸ்பேன் வரை கொண்டுபோக அது தாங்க வேண்டும். அடுத்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியும் அதன் மாதச் சந்தாவும். மூன்றாவது, விமானம் வராமலே ஆறு வாரம் ஓட்டும் அளவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன் இருப்பு. பிறகு ஓடுபாதைக் கருவிகள். மிச்சமிருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை அவர்கள் வெளியே வந்து ஓய்வெடுக்கும் விமானக் கட்டணம்.

எதையும் வாங்கும் முன் அனுப்பும் மிஷனிடம் இவற்றைக் கேளுங்கள்: நிலையத்துக்கு எந்த விமான நிறுவனம் வருகிறது, ஓர் இருக்கைக்கும் ஒரு கிலோ சரக்குக்கும் முழு விமானத்துக்கும் இன்றைய கட்டணம் எத்தனை கினா (அந்நாட்டு நாணயம்), கடந்த வருடம் ஓடுபாதை எத்தனை நாள் மூடியிருந்தது, இப்போது அதன் பொறுப்பாளர் யார், இரவில் நோயாளி வந்தால் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், பதில் வரும்வரை டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.